சாப்பிட்டாரா என்று நான் கேட்கவே இல்லை

தம்பி,

சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் உனக்கு ஒரு புத்தி சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உட்கார்ந்து என்று சொல்வதுகூடச் சரியில்லை. இரண்டு வரி எழுதுகிறேன், எழுந்து போய் அடுப்பைப் பார்க்கிறேன், அடுப்பில் ஒன்றும் இல்லை, திரும்பி வருகிறேன். மூன்று தாளைக் கிழித்தாயிற்று. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் 'சாப்பிட்டியாப்பா' என்பதைத் தாண்டி எனக்கு வேறு பேச்சு வராது. வாட்ஸ்அப்பில் எழுதினால் நீ ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு வார்டுக்குள் போய்விடுவாய். புதன்கிழமை அப்பா தஞ்சோங் டாவாய்க்குக் கருவாடு வாங்கப் போகிறார். அப்படியே அலோர் ஸ்டார் போய் உன்னைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன். கருவாட்டுப் பொட்டலத்தோடு இதுவும் வரும். வாசம் அடித்தால் பொறுத்துக்கொள். நீ வார்டில் அறிக்கை கொடுக்க வேண்டியது வியாழக்கிழமை. அதற்கு முன்னால் இதை முழுசாகப் படித்துவிடு, பாதியில் மடித்து வைக்காதே.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று முதலில் பார். பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு மலாய்க்காரப் பெரியவர். பாக்சிக் என்றுதான் நீ சொன்னாய், நானும் அப்படியே சொல்கிறேன். சர்க்கரை வியாதி, காலில் புண், சிறுநீரகமும் சரியில்லை. காலையில் டாக்டர் வந்து இன்சுலினை இருபது யூனிட்டிலிருந்து பத்தாகக் குறைத்து எழுதிவிட்டுப் போயிருக்கிறார். மத்தியானம் ஊசி போடும் முறை உன் கூட்டாளி ஹாபிஸுக்கு. ஒருவர் மருந்தை ஊசியில் இழுக்க, இன்னொருவர் ஊசியையும் சீட்டையும் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். நீ ஒன்பதாம் கட்டிலில் டிரிப் மாற்றிக்கொண்டிருந்தாய். "'தோலோங் சாய்ன்'னு சீட்ட நீட்டுனான்மா, நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றாய். ஊசியைப் பார்க்கவில்லை. சீட்டையும் பார்க்கவில்லை. நேற்றைய ஞாபகத்தில் ஹாபிஸ் இருபது இழுத்துவிட்டான். சீட்டிலோ பத்து கொடுத்ததாகவே இருக்கிறது, இரண்டு கையெழுத்தோடு. அப்புறம் பாக்சிக்குச் சட்டை நனைய வியர்த்து, பெற்ற மகன் பெயரே நினைவுக்கு வராமல் உளறி, நீங்கள் ஓடிப்போய்க் குளுக்கோஸ் ஏற்றி மீட்டிருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் ஹாபிஸ் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு, இருபது இழுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். இப்போது வார்டுப் பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் உங்கள் இருவரையும் என்ன நடந்தது என்று எழுதித் தரச் சொல்கிறார். பாக்சிக் சோற்றை முழுசாகச் சாப்பிடவில்லை, அதனால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று இருவரும் ஒரே மாதிரி எழுதிவிடலாம் என்கிறான் ஹாபிஸ்.

இதைச் சொல்லிவிட்டுச் சோற்றை உருட்டிக்கொண்டிருந்தாய். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "அதான் பெரியவருக்கு ஒண்ணும் ஆகலயே. அப்படியே எழுதிக் குடுத்துட்டு வேலயப் பாருப்பா. புதுசாப் போன எடத்துல எதுக்குப் பிரச்சன." நீ என்னை ஒரு பார்வை பார்த்தாய். முகம் தெளிந்தது. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டாய். இருபத்தெட்டு வருஷம் நர்சாக இருந்த அம்மாவே சொல்லிவிட்டாள், இனி என்ன என்று நினைத்திருப்பாய். அந்தத் தெளிந்த முகம்தான் என்னை இரண்டு நாளாக ஓர் இடத்தில் இருக்க விடவில்லை. மடித்த துணியைப் பிரித்துத் திரும்ப மடிக்கிறேன். "என்னா லா நீ, கால்ல சக்கரம் கட்டுன மாதிரி வீட்டையே சுத்துற? பக்கத்து வீட்டுப் பூனகூட ஒக்காந்துருச்சு" என்கிறார் அப்பா. அவருக்கு ஒன்றும் தெரியாது. யாருக்குமே தெரியாது.

அன்றைக்கு நான் தாயாக மட்டும் பேசிவிட்டேன். நர்சாக ஒரு நிமிஷம் யோசித்திருந்தால்கூட வாயைத் திறந்திருக்க மாட்டேன். சிறுநீரகம் பழுதான உடம்பில் இன்சுலின் சீக்கிரம் கரைந்து போகாது, தங்கிவிடும். அதனால்தான் டாக்டர் பாதியாகக் குறைத்தார். அதில் இருபது போட்டிருக்கிறீர்கள். சீட்டு பத்து என்கிறது. பத்துக்கே இப்படி விழுந்துவிட்டாரே என்று டாக்டர் என்ன செய்வார்? இன்னும் குறைப்பார். சர்க்கரை ஏறும், கால் புண் ஆறாது, அந்தக் கால் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். சீட்டில் எழுதியதை நம்பித்தான் அடுத்த ஆள் அடுத்த ஊசியைப் போடுகிறார். நெஞ்சு படபடக்கிறது என்று பாக்சிக் சொல்லவே இல்லை, அதனால்தான் கவனிக்கத் தாமதமாகிவிட்டது என்றாய். அவர் என்ன பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்று பார்த்தாயா? சில மாத்திரைகள் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வியர்வை ஒன்றுதான் வெளியே தெரியும். இதெல்லாம் பரீட்சையில் நீ என்னைவிட நன்றாக எழுதினாய். தெரியாமல் நடந்ததில்லை தம்பி, நின்று பார்க்காமல் நடந்தது. எனக்கும் அப்படித்தான் நடந்தது.

அதற்கு வருகிறேன். கொஞ்சம் பொறு, தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

நீ டவுனில் பிறந்து வளர்ந்தவன். என் அப்பா அம்மா பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் ஒரு சின்ன மருந்துக் கொட்டகை இருந்தது. அதில் மருந்து கொடுக்க ஒரு டிரெசர் இருந்தார். காய்ச்சலா, வயிற்று வலியா, பூரான் கடித்ததா, எதற்கும் ஒரே சிவப்புத் தண்ணீர் மருந்தைத்தான் ஊற்றிக் கொடுப்பார் என்று நாங்கள் கேலி பண்ணுவோம். அவர் முன்னால் மட்டும் யாரும் சிரிக்க மாட்டோம். "சரியாப் போச்சா?" என்பார். காய்ச்சலில் கொதித்துக்கொண்டே "சரியாப் போச்சுங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வருவோம். வெள்ளை உடுப்பைக் கண்டால் தலையாட்டுவது எங்கள் ஆட்களுக்கு அப்படிப் படிந்துபோன பழக்கம். தோட்டங்கள் போய், எல்லாரும் டவுன் பக்கம் தாமான் குடியிருப்பு வீடுகளுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் வார்டில் சேர்ந்த புதிதில் ஓர் அம்மாவிடம் "நீங்க முனியம்மாதானே?" என்று கேட்டு மாத்திரையை நீட்டினேன். "ஆமாம்மா" என்று கையை நீட்டிவிட்டார். அவர் பெயர் பாப்பாத்தி. முனியம்மா எதிர்க் கட்டிலில் இருந்து எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல வேளை, வாயில் போடுவதற்குள் கையில் கட்டியிருந்த பட்டையைப் பார்த்துவிட்டேன். ஏன் ஆமாம் என்றீர்கள் என்று கேட்டால், "மிஸ்ஸி சொன்னா சரியாத்தானே இருக்கும்" என்கிறார். அன்றிலிருந்து பெயரை நான் சொல்வதில்லை. உங்கள் பெயர் என்ன, அப்பா பெயர் என்ன என்று அவர்களைச் சொல்ல வைத்து, பட்டையோடு ஒத்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பேன். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று காயத்ரி மந்திரம் மாதிரி ஒப்பிப்பேன். புட்டியை எடுக்கும்போது ஒரு தடவை, மருந்தை இழுக்கும்போது ஒரு தடவை, புட்டியைத் திருப்பி வைக்கும்போது ஒரு தடவை பார்ப்பேன். கெட்டிக்காரி என்று பெயர் வாங்கினேன். அந்தப் பெயர்தான் பிறகு எனக்கு வினையாயிற்று.

நீ என் வயிற்றில் ஏழு மாதம். கந்த சஷ்டி நடந்துகொண்டிருந்தது. வீட்டில் என் மாமியார், உன் அப்பாயி, ஆறு நாளும் விரதம். அன்று காலையில் நானே அவருக்குப் பால் காய்ச்சிக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். பெண்கள் வார்டில் லெட்சுமி அம்மா என்று ஒருவர் இருந்தார். வயது அறுபதுக்கு மேல். பால்மரம் வெட்டி வெட்டித் தோள் ஒரு பக்கம் சாய்ந்த உடம்பு, சர்க்கரைக்காக வந்து படுத்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, மணிக்கட்டில் கோயில் கயிறு. காலைச் சாப்பாடு வந்து அரை மணி நேரம் கழித்து நான் இன்சுலின் தள்ளுவண்டியோடு போனேன். எல்லாம் பார்த்தேன். பெயரைக் கேட்டேன், பட்டையைப் பார்த்தேன், புட்டியை மூன்று தடவை பார்த்தேன், பதினான்கு யூனிட் இழுத்தேன். இரண்டாவது ஆளாகப் பார்க்க வேண்டிய என் சிநேகிதி கவுண்டரில் இருந்தபடியே கையெழுத்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. அவளுக்கு நானும் அப்படி எத்தனையோ போட்டிருக்கிறேன். கெட்டிக்காரி இழுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்று எல்லாருக்கும் நினைப்பு. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தேன். காலியாக இருந்தது. ரொட்டியும் இல்லை, முட்டையும் இல்லை. கால் வீங்கியிருந்தது, இன்னும் ஒன்பது ஊசி பாக்கி இருந்தது. ஊசியைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

சாப்பிட்டீர்களா என்று கேட்கவில்லை. உன்னை ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்கிறேனே, அந்த ஒரு கேள்வியை அவரிடம் கேட்கவில்லை. அவர் அந்த ரொட்டியையும் முட்டையையும் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குக் கொடுத்திருந்தார். சஷ்டி விரதம். நாலாம் நாள். விபூதி என் கண் முன்னால் இருந்தது. கயிறு நான் ஊசி போட்ட கையிலேயே இருந்தது. வேற்று இனத்து நர்ஸ் ஒருத்தி கவனிக்காமல் விட்டிருந்தால் மன்னிக்கலாம். என் வீட்டு அடுப்பில் அதே விரதத்துக்குப் பால் காய்ந்திருந்தது.

பத்து மணி வாக்கில் பக்கத்துக் கட்டில் பெண் கூப்பிட்டாள். ஓடினேன். லெட்சுமி அம்மாவின் தலையணை ஈரமாக இருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. "வாளி எங்கடி? நேரமாச்சு, பால் ஒறஞ்சிரும்" என்று காற்றில் எதையோ துழாவினார். விரல் நுனியில் குத்திச் சர்க்கரையைப் பார்த்தபோது முதல் சொட்டு ரத்தத்தைக் கீழே விட்டுவிட்டு மறுபடி குத்தினேன். டாக்டர் வந்தார், நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினோம். கொஞ்ச நேரத்தில் கண் நேராக வந்தது. முதல் பேச்சாக என்னைப் பார்த்து, "ஏம்மா அழுவுற?" என்றார். அழுகிறேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், ஊசி போடும் முன் நோயாளி சாப்பிட்டாரா என்று. நான், "சாப்பிட்டதாகச் சொன்னார்" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? யோசிக்கவே இல்லை. அப்படியே எழுதியும் கொடுத்தேன். சிஸ்டர் நேராகக் கட்டிலுக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "மாக்சிக் சுடா மாக்கான் கா பெலும்?" என்று சத்தமாகக் கேட்டார். சாப்பிட்டீர்களா, இல்லையா. லெட்சுமி அம்மா வாயைத் திறந்தார். பிறகு சிஸ்டருக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். என்ன புரிந்துகொண்டாரோ. "சாப்பிட்டேன்னு நான்தான் மிஸ்ஸிகிட்ட சொன்னேன்" என்றார். தமிழில் சொன்னதை சிஸ்டருக்கு மலாயில் மாற்றிச் சொன்னவள் நான்தான். அவர் சொன்ன பொய்யை என் வாயால் இன்னொரு தடவை சொன்னேன்.

மத்தியானம் பார்வையாளர் நேரத்தில் அவர் மகள் சரசு வந்தாள். சிஸ்டர் விஷயத்தைச் சொல்ல, அவள் வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினாள். "உயிரோட வெளையாடுறியாம்மா நீ? சாப்புடாம சாப்புட்டேன்னு பொய் சொல்லி ஊசி போட்டுக்குவியா? அந்த மிஸ்ஸி இல்லன்னா இன்னிக்கு என்னா ஆயிருக்கும்?" நான் இரண்டு கட்டில் தள்ளி ஒரு நோயாளிக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல நின்றேன். லெட்சுமி அம்மா தலையைக் குனிந்துகொண்டு எல்லாத்தையும் வாங்கிக்கொண்டார். சாயங்காலம் நான் பக்கத்தில் போனபோது என் கையைப் பிடித்து, "விடும்மா. புள்ளத்தாச்சி. நான் திட்டு வாங்குனா எனக்கு என்னா கொறஞ்சிரப் போவுது?" என்றார். நான் நன்றிகூடச் சொல்லவில்லை. நான்காம் நாள் அவர் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதத்தில் நீ பிறந்தாய்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்காமல் ஊசி போட்டதில்லை. தட்டைப் பார்ப்பதோடு நிறுத்த மாட்டேன். "என்ன சாப்பிட்டீங்க, எவ்வளவு சாப்பிட்டீங்க, யாருக்காச்சும் குடுத்தீங்களா" என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். இன்றைக்கு என்ன விரதம் என்று காலண்டரைக் கிழித்து மேசையில் ஒட்டி வைப்பேன். நோன்பு மாதத்தில் மலாய்க்கார நோயாளிகளையும் அப்படித்தான் கேட்பேன். புதிதாக வந்த நர்சுகள் என்னை 'சாப்டீங்களா அக்கா' என்று கேலி பண்ணுவார்கள். நல்ல நர்ஸ் என்று பணி ஓய்வு விருந்தில் பேசினார்கள், மாலை போட்டார்கள். நீயும் போட்டோ எடுத்தாய். நன்றாக வேலை செய்துவிட்டால் அந்த ஒரு நாள் அழிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். அழியவில்லை தம்பி. நீ சனிக்கிழமை "பாக்சிக் சாப்புடலன்னு எழுதிரலாமாம்மா" என்று கேட்டபோது, அது அப்படியே என் வாயிலிருந்து திரும்ப வந்தது.

சரசுவை உனக்குத் தெரியும். பாக்கார் ஆராங் பாசாரில் செவ்வாய்க்கிழமை பார்ப்போமே, முருங்கைக்கீரை கொடுக்கும் ஆன்ட்டி. அவளேதான். அவர்கள் தோட்டத்தை விட்டு இங்கே வீடு வாங்கி வந்த பிறகு என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். பார்க்கும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம், "இவங்கதான் எங்கம்மாவக் காப்பாத்துன மிஸ்ஸி" என்று சொல்லாமல் விட மாட்டாள். தன் வீட்டு மரத்துக் கீரையை ஒரு கட்டு என் பையில் திணிப்பாள். லெட்சுமி அம்மா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. சாவுக்குப் போனேன். அங்கேயும் என்னை முன்னால் உட்கார வைத்தாள். அந்தக் கீரையைப் பொரியல் பண்ணி, அடை பண்ணி, உனக்குப் போட்டு வளர்த்திருக்கிறேன். இரத்தத்துக்கு நல்லது, சாப்பிடு என்று உன்னை விரட்டியிருக்கிறேன். நான் மட்டும் அதைத் தட்டில் போட்டுக்கொள்ள மாட்டேன். எனக்குக் கீரை பிடிக்காது என்று நீயும் அப்பாவும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இதுவரைக்கும் திங்கட்கிழமை எழுதியது. இங்கேயே முடித்துவிடலாம் என்று நினைத்தேன். நேற்று மத்தியானம் உனக்குப் போன் பண்ணி, பாக்சிக் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டேன். "ஓகேமா. சுகர் எறங்குதுன்னு இன்சுலின இன்னும் கொறச்சிட்டாங்க" என்றாய். அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். 'சரிப்பா, சாப்பிட்டியா' என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். வைத்த பிறகு என் மேலேயே எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. நான் செய்யாததை உன்னைச் செய்யச் சொல்லித் தாள் தாளாக எழுதுகிறேனே, எந்த முகத்தோடு?

இன்று செவ்வாய்க்கிழமை. காலையில் பாசாருக்குப் போனேன். மீன் கடைப் பக்கம் சரசு நின்றாள். வழக்கம்போல் கீரைக்கட்டை எடுத்தாள். நான் பையைத் திறக்கவில்லை. "சரசு, ஒன்னு சொல்லணும்" என்று சொல்லி, அங்கேயே, ஈரத் தரையில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சாப்பிட்டதாக என்னிடம் சொல்லவே இல்லை, நான் கேட்கவே இல்லை, பொய் சொன்னது நான், எனக்காக அதை ஏற்றுக்கொண்டது அவர் என்று சொன்னேன். மீன்காரர் "ஆச்சி, கெம்போங் மீனு வேணுமா" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சரசு என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் கீரைக்கட்டை இறக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அதுக்கப்புறம் அம்மாவ நாங்க நம்புனதே இல்ல மிஸ்ஸி. மாத்திர போட்டேன்னு சொன்னா வாயத் தொறந்து காட்டச் சொல்லுவோம். சின்னப் புள்ளைங்க மாதிரி நாக்கத் தூக்கிக் காட்டும். சஷ்டி வெரதத்த நிறுத்திட்டோம். கோயிலுக்குப் போனாலும் பின்னாலயே ஒரு ஆளு. என் மகன்கூட, பாட்டி பொய் சொல்லும்னு சிரிப்பான். 'நான் பொய் சொல்றவ இல்லடி சரசு'ன்னு சாவுற வரைக்கும் சொல்லுச்சு. அப்ப ஆஸ்பத்திரில சொன்னது என்னான்னு கேட்டா, வாயே தொறக்காது." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பதினெட்டு வருஷம் தம்பி. ஓர் ஊசிக்கு முன்னால் நான் விட்ட ஒரு கேள்விக்காக, ஒரு மனுஷி தன் வீட்டிலேயே பதினெட்டு வருஷம் பொய்க்காரியாக வாழ்ந்திருக்கிறார். சர்க்கரை இறங்கியதைக் குளுக்கோஸ் போட்டு ஏற்றிவிட்டோம். அவர் வீட்டில் அவருக்கு இறங்கிய மதிப்பு கடைசிவரை ஏறவே இல்லை என்று எனக்கு இன்றுதான் தெரிந்தது.

உன் பாக்சிக்கை நினைத்துப் பார். சோறு சாப்பிடாமல் எல்லாருக்கும் வேலை வைத்த கிழவர் என்று அவர் பெயர் சீட்டில் ஏறிவிடும். அவர் மகன் வந்து திட்டுவான். அவர் சாப்பிட்டேன் என்று சொல்லச் சொல்ல யாரும் நம்ப மாட்டார்கள். அவர் சாப்பிட்டிருந்தார், இல்லையா? நீதான் சொன்னாய், அவர் சாப்பிட்டு முடித்ததும் தட்டை நானே எடுத்து வைத்தேன் என்று.

வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னேன். இருபத்தாறு வருஷம் கழித்து. டிவியை அணைத்துவிட்டுக் கேட்டார். முடிந்ததும் கார் சாவியை எடுத்து மேசையில் வைத்தார். "புதங்கெழம வரைக்கும் எதுக்கு? எழுதி முடி லா. இப்பவே போறேன்" என்றார். அதனால் கருவாடு வரவில்லை, இது மட்டும்தான் வருகிறது. நீ படித்து முடிக்கும்வரை அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அவரை விரட்டாதே.

வியாழக்கிழமைவரை வைத்துக்கொள்ளாதே. இன்றைக்கே டாக்டரிடம் போய், அன்று போனது இருபது என்று சொல். அதை முதலில் செய், அறிக்கை அப்புறம். ஹாபிஸிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, முதுகுக்குப் பின்னால் செய்யாதே. அவனும் எங்கோ ஒரு வீட்டில் ஒரு தாய் 'பிரச்சன வேணாம்' என்று சொல்லிக் கேட்டுத்தான் நிற்கிறான். நடந்ததை மட்டும் எழுது. சீட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று எழுது. உன்னைத் திட்டுவார்கள், விசாரிப்பார்கள், என்ன செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது. பயமாகத்தான் இருக்கிறது. உன்னைவிட எனக்குப் பயம் அதிகம். வேலையே போனாலும் வீட்டுக்கு வா, சோறு இருக்கிறது.

ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். சரசு கிளம்பும்போது கீரைக்கட்டை என் பையில் போடவில்லை, மீன் மேசையின் ஓரத்தில் வைத்தாள். இரண்டடி போய்த் திரும்பிப் பார்த்து, "அன்னிக்கு வயித்துல இருந்த புள்ள இப்ப என்னா பண்றான் மிஸ்ஸி?" என்றாள். அலோர் ஸ்டாரில் நர்சாக இருக்கிறான் என்றேன். "அவனாச்சும் கேட்டுட்டு ஊசி போடுறானா?" என்றாள்.

கீரையை எடுத்துக்கொண்டு வந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமையும் அவள் அங்கேதான் நிற்பாள். அவளிடம் நான் என்ன சொல்லட்டும் என்று அப்பாவிடம் சொல்லி அனுப்பு.

அம்மா